தின்னர் மணமும் தும்புப் படுக்கையும்: உயிர்வடிகட்டி பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் படகு வார்க்கிறவர்கள், தளபாடத்துக்கு வார்னிஷ் அடிக்கிறவர்கள், வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கும் கராஜ்காரர்கள், பிறகு இவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள். காற்று மணக்கிறது என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

"உயிர்வடிகட்டி எண்டா என்ன சாமான், சேர்? மெசினோ?"

பெரும்பாலும் ஒரு தொட்டியும் அதற்குள் ஈரமான படுக்கையும்தான். கொம்போஸ்ட், மரப்பட்டைத் துண்டு, தும்பு என்று இடையிடையே காற்றுப் போகக்கூடிய பொருளை ஒரு மீற்றர் அளவு உயரத்துக்கு நிரப்புவார்கள். அடியில் துளையிட்ட குழாய் இருக்கும். மணமுள்ள காற்றை அதன் வழியே அனுப்பினால் மெதுவாகப் படுக்கையூடாக மேலேறி வெளியே போகும். மெசின் என்று சொல்ல அதில் இருப்பது விசிறி ஒன்றுதான்.

படுக்கையில் உள்ள ஒவ்வொரு துண்டையும் ஒரு மெல்லிய ஈரப்படலம் மூடியிருக்கும். பற்றீரியாவும் பங்கசும் வாழ்வது அதில்தான். காற்றிலுள்ள ஆவி முதலில் அந்த ஈரத்தில் கரைய வேண்டும், அதற்குப் பிறகுதான் நுண்ணங்கிகள் அதை உணவாக்கும். கடைசியில் வெளியே வருவது காபனீரொட்சைட்டும் நீராவியும். ஒரு பகுதி நுண்ணங்கிகளின் உடலாகிப் படுக்கையிலேயே தங்கிவிடும். யோசனை பழையது. கழிவுநீர் நாற்றத்துக்கு இப்படிச் செய்யலாம் என்று ஜேர்மனியில் 1923 இலேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரிச்சர்ட் பொமரோய் மண்படுக்கைக்கு 1957 இல் காப்புரிமை பெற்றார். கரைப்பான் ஆவிகளுக்கு ஒழுங்காகக் கணக்குப் போட்டுக் கட்டும் வேலை 1980களில் நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் வளர்ந்தது.

"பற்றீரியா தின்னரைத் தின்னுமெண்டா நம்பச் சொல்லுறீங்கள்?"

நம்பலாம். தின்னரில் வழமையாக இருக்கும் தொலுயீனை மட்டுமே உணவாகக் கொண்டு வளரும் பற்றீரியாக்கள் உண்டு. சூடோமோனாசு புட்டிடா என்ற மண் பற்றீரியாவின் சில வகைகள் அதற்குப் பேர்போனவை. தொலுயீனும் காபனும் ஐதரசனும் சேர்ந்த பொருள்தானே. நமக்கு நஞ்சாக இருப்பது அவற்றுக்குச் சாப்பாடாக இருக்கலாம், செறிவு அளவோடு இருந்தால்.

ஆனால் எல்லா ஆவியும் ஒன்றல்ல. அற்ககோல், அசற்றோன், எசுத்தர்கள், சேதன அமிலங்கள் நீரில் நன்றாகக் கரையும், வேகமாகச் சிதையும். தொலுயீன், சைலீன், ஸ்ரைரீன் எல்லாம் நடுத்தரம். ஹெக்சேன் நீரில் கரையவே மறுப்பதால் ஈரப்படலத்துக்குள் போகாமல் தப்பிவிடும். உலர் சலவைக்குப் பாவிக்கும் நான்கு குளோரின் கொண்ட கரைப்பான் ஒட்சிசன் உள்ள படுக்கையில் அசையாது. அதற்கு இந்த முறையைக் கேட்காதீர்கள்.

"எங்கட ஃபைபர் கொட்டிலுக்குச் சரிவருமோ?"

ஃபைபர் கொட்டிலின் மணம் ரெசினிலிருந்து வரும் ஸ்ரைரீன். தூரிகை கழுவும் அசற்றோனும் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இரண்டும் உயிர்வடிகட்டியில் சிதையும். எக்சோபியாலா போன்ற பங்கசுகள் ஸ்ரைரீனில் கெட்டிக்காரர்கள், பற்றீரியாவைவிட வரட்சியையும் அமிலத்தையும் தாங்குவார்கள். ஆகவே பொருளைப் பொறுத்தவரை பதில் "ஓம்".

மற்றது அளவு. காற்று நிறைய, அதில் ஆவி குறைவாக, ஒரு கன மீற்றருக்கு ஒரு கிராமுக்குள்ளே என்றால் இந்த முறைக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஆவி தடிப்பாக, கொஞ்சக் காற்றில் வந்தால் வேறு முறை பாருங்கள். காற்றைச் சூடாக்கி எரிக்கும் முறைக்கு 700 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். மெல்லிய ஆவிக்காக அவ்வளவு எரிபொருள் எரிப்பது வீண். உயிர்வடிகட்டி பிழைத்திருப்பதே அந்த இடைவெளியில்தான்.

"கொட்டில் நாலு பக்கமும் திறந்து கிடக்கு. வெளியில ஒரு தொட்டி வைச்சாப் போதும்தானே?"

போதாது. வருகிறவர்களில் பாதிப் பேரை நான் திருப்பி அனுப்புவது இந்த இடத்தில்தான். எல்லாருக்கும் பற்றீரியாவைப் பற்றித்தான் பேச ஆசை, காற்றைப் பிடிப்பதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். விசிறியால் இழுக்கப்படாத காற்றை எந்தப் படுக்கையும் சுத்தம் செய்யாது. உப்புவெளிப் பக்கம் கடற்காற்று வீசும்போது திறந்த கொட்டிலின் ஆவி தொட்டியைத் தேடிப் போகாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

முதலில் மணம் பிறக்கும் இடத்தைச் சுருக்குங்கள். ரெசின் பூசும் வேலைக்கு ஒரு மூலையைப் பலகையாலோ தடித்த தறப்பாளாலோ அடைத்து, மேலிருந்து அல்லாமல் தரைப் பக்கத்திலிருந்து இழுக்கும் குழாய் வையுங்கள். ஸ்ரைரீன் ஆவியும் தொலுயீன் ஆவியும் காற்றைவிடப் பாரமானவை. ரெசின் வாளிக்கும் தின்னர் ரின்னுக்கும் மூடி போடுங்கள். இந்தச் சில்லறை வேலைகளைச் செய்தவர்களில் சிலருக்கு உயிர்வடிகட்டியே தேவைப்படவில்லை. எனக்கு அதில் கவலை கிடையாது.

அடைத்த இடத்தில் விசிறி வைக்கும்போது தீப்பொறி பறக்காத வகை மோட்டார் வேண்டும். தொலுயீன் காற்றில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் சேர்ந்தாலே பற்றும்.

"எவ்வளவு பெரிசா கட்ட வேணும்? ஒரு பீப்பா காணாதோ?"

அநேகமாகக் காணாது. கணக்கு எளிது. காற்று வெற்றுத் தொட்டியில் எத்தனை செக்கன் நிற்கும் என்று பார்ப்பார்கள். எளிய நாற்றங்களுக்கு 30 செக்கன் போதலாம், தொலுயீன், ஸ்ரைரீன் போன்றவற்றுக்கு 45 முதல் 60 செக்கன் வையுங்கள். மணிக்கு 1000 கன மீற்றர் இழுக்கும் விசிறி, 45 செக்கன் என்றால் படுக்கை 12.5 கன மீற்றர் வேண்டும். ஒரு மீற்றர் உயரத்துக்கு நிரப்பினால் இரண்டரை மீற்றருக்கு ஐந்து மீற்றர் நிலம். ஒரு சின்ன வாகனம் நிறுத்துகிற இடம்.

பிறகு சுமையைப் பாருங்கள். அந்தக் காற்றில் கன மீற்றருக்கு 0.3 கிராம் தொலுயீன் இருந்தால் மணிக்கு 300 கிராம் வருகிறது. 12.5 ஆல் பிரித்தால் ஒவ்வொரு கன மீற்றர் படுக்கைக்கும் மணிக்கு 24 கிராம். ஒழுங்காக ஓடும் படுக்கை இதைத் தாங்கும். 100 கிராம் என்று விடை வந்தால் நிலத்தைக் கூட்ட வேண்டும் அல்லது ஆவியைக் குறைக்க வேண்டும். உயரத்தை மட்டும் கூட்ட நினைக்காதீர்கள். ஒன்றரை மீற்றருக்கு மேல் போனால் அடிப்பகுதி நசுங்கிக் காற்று போகாது.

"உள்ளுக்கு என்ன போடுறது? தும்பு சும்மா கிடக்கு, மரத்தூளும் கிடக்கு."

தும்பு நல்லது, பொச்சுமட்டையைச் சிறு துண்டாக வெட்டிப் போட்டால் இன்னும் நல்லது. எளிதில் உக்காது, இடைவெளியை வைத்திருக்கும், நீரைப் பிடிக்கும். அதில் நுண்ணங்கியும் போசணையும் குறைவு என்பதால் நாலில் ஒரு பங்கு முற்றிய கொம்போஸ்ட் கலக்க வேண்டும். ஒன்று கவனம். கடல்நீரிலோ களப்பிலோ ஊறப்போட்ட மட்டை என்றால் உப்பு நிறைய இருக்கும், நல்ல தண்ணீரில் பல தடவை அலசாமல் போடாதீர்கள்.

மரக்காலையில் அள்ளிவரும் மரத்தூள் வேண்டாம். நனைந்ததும் களிபோல இறுகிவிடும். காற்று எங்கே வெடிப்பு இருக்கிறதோ அந்த வழியே மட்டும் ஓடும், மீதிப் படுக்கை சும்மா கிடக்கும். துண்டுகள் விரல் நுனி அளவுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

"ஈ.எம். திரவம் ஒரு போத்தில் ஊத்தினா வேகமாப் பிடிக்குமாம்?"

ஊற்றினால் கெடுதல் இல்லை, பெரிய நன்மையும் இல்லை. அதில் இருப்பவை பெரும்பாலும் இலற்றிக்கமில பற்றீரியாவும் மதுவமும். தொலுயீன் சாப்பிடத் தேர்ந்தெடுத்தவை அல்ல. கொம்போஸ்டிலும் மண்ணிலும் ஆயிரம் வகை ஏற்கெனவே உண்டு. ஆவியைக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சாப்பிடக்கூடியவை தாமே பெருகும். கழிவுநீர் சுத்திகரிக்கும் இடத்தில் ஒரு வாளி சேறு கிடைத்தால் அது இன்னும் நல்ல விதை.

அசற்றோன், அற்ககோலுக்குச் சில நாளிலேயே வேலை தொடங்கிவிடும். தொலுயீன், ஸ்ரைரீனுக்கு இரண்டு மூன்று கிழமை பொறுக்க வேண்டும். ஒரு கிழமையில் மணம் குறையவில்லை என்று கிண்டிப் புரட்டிவிடாதீர்கள், அதோடு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

"ஆரம்பத்தில நல்லா வேலை செய்தது. ஆனி, ஆடியில திரும்ப மணக்குது. பற்றீரியா செத்துப்போச்சோ?"

கச்சான் அடித்திருக்கும். மலைநாட்டைத் தாண்டி இறங்கும் அந்தக் காய்ந்த சூட்டுக் காற்று நம் பக்கத்தில் உடுப்பை ஒரு மணித்தியாலத்தில் காய வைப்பது மாதிரிப் படுக்கையையும் காய வைத்துவிடும். உயிர்வடிகட்டி பழுதாவதற்கு உலகமெங்கும் முதற் காரணம் வரட்சிதான். திருகோணமலையில் அதற்கு ஒரு பருவமே உண்டு.

படுக்கையின் ஈரம் நிறையில் 40 முதல் 60 வீதம் வரை இருக்க வேண்டும். மானி இல்லாவிட்டால் ஒரு பிடி அள்ளிப் பிழியுங்கள். கை நனைந்து, ஒன்றிரண்டு துளி எட்டிப் பார்த்தால் சரி. ஓடி வடிந்தால் கூடிப்போய்விட்டது, கை காய்ந்தே இருந்தால் தாமதித்துவிட்டீர்கள். மேற்பரப்பில் அள்ளாமல் காற்று நுழையும் பக்கத்தில் அள்ளிப் பாருங்கள், முதலில் காய்வது அதுதான். வெளிக்காற்று 36 பாகை, ஈரப்பதன் 40 வீதம் உள்ள ஒரு நாளில், மேலே சொன்ன 1000 கன மீற்றர் விசிறி மணிக்கு 5 லீற்றருக்கு மேல் நீரைப் படுக்கையிலிருந்து கொண்டுபோகும்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நுண்ணங்கிகள் ஆவியைச் சிதைக்கும்போது வெப்பம் வெளிவரும். ஒரு கிராம் தொலுயீன் முழுதாக ஒட்சியேற்றப்பட்டால் சுமார் 42 கிலோயூல். 15 கிராமுக்கு மேல் நீரை ஆவியாக்க அது போதும். அதாவது உள்ளே விடும் காற்றை நன்றாக ஈரமாக்கினாலும் படுக்கை உள்ளிருந்தே காயும். அதனால் இரண்டு வேலையும் வேண்டும். காற்றைத் தண்ணீர் தூவும் அறை ஒன்றினூடாக அனுப்புங்கள், படுக்கைக்கு மேலும் தெளியுங்கள். முதற் பதிலில் காற்று கீழிருந்து மேலேறும் என்றேன், அது வழமை. புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு நான் மேலிருந்து கீழே விடச் சொல்வேன். அப்போது காயும் பக்கமும் தெளிக்கும் பக்கமும் ஒன்றாகிவிடும்.

"குழாய்க் கிணத்துத் தண்ணி தெளிக்கலாமோ? கொஞ்சம் உவர்."

ஒன்றிரண்டு நாள் பரவாயில்லை. தொடர்ந்து தெளித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் படுக்கையில் சேர்ந்துகொண்டே போகும், நுண்ணங்கிகள் சோர்ந்துவிடும். மாரி மழையில் கூரைநீரைச் சேர்த்து வைத்தால் நல்லது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரீன் போக ஒரு நாள் திறந்த தாங்கியில் வைத்துவிட்டுத் தெளியுங்கள்.

"மாரிக்கு என்ன செய்யுறது?"

கூரை போடுங்கள், அடியில் நீர் வடிய வழி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை திறந்த படுக்கையில் விழுந்தால் இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பும், ஒட்சிசன் போகாது, அழுகல் மணம் வரும். வடியும் நீரைக் கடலுக்கு விடாமல் சேர்த்துத் திரும்பத் தெளிக்கலாம்.

"கரண்ட் போனா? தைப்பொங்கல், சித்திரை வருசத்துக்குப் பூட்டினா?"

2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய காலத்தை யாரும் மறக்கவில்லை, அதனால்தான் இந்தக் கேள்வி. சில மணித்தியாலம் ஒன்றும் ஆகாது. ஒரு கிழமை பூட்டினாலும் ஈரம் இருந்து, நாளுக்குக் கொஞ்ச நேரம் விசிறி ஓடினால் படுக்கை தாங்கும். திறந்த பிறகு ஒன்றிரண்டு நாள் மந்தமாக இருந்துவிட்டு மீளும். நுண்ணங்கிகள் ஆவி இல்லாமல் கிடக்கும், காற்றும் ஈரமும் இல்லாமல்தான் கிடக்காது.

"சிரட்டைக்கரி இங்க செய்யுற சாமான். அதைப் போட்டா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லையே?"

நியாயமான கேள்வி. சிரட்டையிலிருந்து செய்யும் உயிர்ப்பூட்டிய கரியை இலங்கை உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறது. கரி முதல் நாளே வேலை செய்யும், தண்ணீர் கேட்காது. ஆனால் ஆவியைப் பிடித்து வைக்குமே தவிர அழிக்காது. நிரம்பியதும் மாற்ற வேண்டும், மாற்றிய கரி ஆபத்தான கழிவு. நம் ஊர் ஈரக் காற்றில் கரியின் கொள்ளளவும் குறையும். அடுப்புக் கரியை உடைத்துப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், அது வேறு.

கிழமையில் ஒரு நாள், இரண்டு மணித்தியாலம் மட்டும் பெயின்ற் அடிக்கிறவருக்குக் கரிதான் சரி. நாள் முழுதும் அடிக்கிறவருக்கு உயிர்வடிகட்டி. இரண்டையும் சேர்ப்பதும் உண்டு. முன்னால் ஒரு சிறிய கரித் தொட்டி வைத்தால் பெயின்ற் அடிக்கும் நேரத்து ஆவியைப் பிடித்து, மீதி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்கைக்கு விடும். நுண்ணங்கிகளுக்கு நாளெல்லாம் அளவான சாப்பாடு.

"மணிபிளான்ட் வைச்சா வீட்டுக் காற்று சுத்தமாகுமெண்டு நாசா சொல்லியிருக்காமே?"

1989 இல் நாசாவின் ஒரு ஆய்வு அடைத்த சிறு பெட்டிக்குள் செடிகளை வைத்துப் பார்த்தது. வீடு அடைத்த பெட்டி அல்ல. 2019 இல் வெளிவந்த ஒரு மீளாய்வு, சாதாரணக் கட்டடத்தில் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகளால் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை தேவை என்று காட்டியது. யன்னலைத் திறவுங்கள். உயிர்வடிகட்டியின் பலம் விசிறி காற்றைப் படுக்கையூடாகத் தள்ளுவதில் இருக்கிறது. சட்டிச் செடியின் மண்ணூடாகக் காற்று போவதில்லை.

"கருவாட்டு வாடிக்கும் ஹோட்டல் கக்கூசுத் தாங்கிக்கும் இதே சாமானோ?"

கருவாடு வெயிலில், திறந்த வெளியில் காய்கிறது. காற்றைப் பிடிப்பது பற்றி மேலே சொன்னதை அங்கே செய்ய முடியாது, அதனால் இல்லை. நிலாவெளி ஹோட்டல்களின் கழிவுநீர்த் தாங்கிக்கும் பம்பி அறைக்கும் நன்றாகவே பொருந்தும். உயிர்வடிகட்டி பிறந்ததே அந்த வேலைக்குத்தான்.

ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வரும் ஐதரசன் சல்பைட்டு சிதையும்போது சல்பூரிக்கமிலம் உண்டாகும். படுக்கை புளித்து, தும்பு உக்கி, சீமெந்துத் தொட்டியும் அரிபடும். மட்டி ஓட்டை நொறுக்கிக் கலந்தால் அதன் கல்சியம் காபனேற்று அமிலத்தை நடுநிலையாக்கும். ஓடு கரைந்து குறையக் குறையச் சேர்க்க வேண்டும். முருகைக்கல்லைத் தொடாதீர்கள், கரையிலிருந்து அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

"சீனன்குடா எண்ணெய்த் தாங்கியளுக்கு இதைப் பூட்டலாமே?"

பிரித்தானியர் காலத்து 99 தாங்கிகளைப் பார்த்து வளர்ந்த ஊர் என்பதால் இது கட்டாயம் வரும். பெற்றோல் தாங்கி நிரப்பும்போது வெளிவரும் ஆவி மிகத் தடிப்பானது, அதுவும் விட்டு விட்டு வரும். அதற்கு மிதக்கும் கூரையும், ஆவியைக் குளிர்வித்தோ கரியில் பிடித்தோ திரும்ப எண்ணெயாக்கும் தொகுதியும்தான் முறை. வெளியே விடுவது காசு என்பதால் அதை மீட்பது இலாபமும்கூட. டீசல் அவ்வளவு ஆவியாகாது.

எண்ணெய் ஊறிய மண் வேறு கதை. மண்ணுக்குள் குழாய் இறக்கி ஆவியை உறிஞ்சும்போது வரும் காற்று, ஆரம்பத் தடிப்புக் குறைந்த பிறகு, உயிர்வடிகட்டிக்கு ஏற்றதாகிவிடும். பல நாடுகளில் பெற்றோல் நிலைய மண்ணை இப்படித் துப்புரவாக்கியிருக்கிறார்கள்.

"நூற்றுக்குத் தொண்ணூறு போகுதெண்டு அளந்து சொன்னாங்கள். பக்கத்து வீட்டு அக்கா இன்னும் மணக்குதெண்டுறா. ஆர் பொய்?"

இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள். ஸ்ரைரீன் மிக மிகக் குறைந்த செறிவிலேயே மூக்குக்குத் தெரியும். தொண்ணூறு வீதம் போனாலும் மீதிப் பத்து வீதம் மணக்கப் போதும். மூக்கு செறிவை நேராக எண்ணுவதில்லை, பத்தில் ஒன்றாகக் குறைந்ததைப் பாதியாகக் குறைந்ததுபோலத்தான் உணரும். படுக்கையிலிருந்து வரும் மண்வாசனையும் சேர்ந்திருக்கலாம். அக்காவை வரச்சொல்லி வெளிக்காற்றை முகர்ந்து எந்த மணம் என்று கேளுங்கள். தின்னர் மணமா, மழை பெய்த மண் மணமா என்று அவவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, நாள் முழுதும் அதற்குள் நிற்கிறவரின் மூக்கு பழகிப்போயிருக்கும்.

"இதைப் பூட்டினா வேலையாக்கள் மாஸ்க் போடத் தேவையில்லைத்தானே?"

தேவை. வடிகட்டி சுத்தம் செய்வது வெளியே போகும் காற்றை. ரெசின் பூசுகிறவர் குனிந்து சுவாசிப்பது அதற்கு முந்திய காற்று. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் ஸ்ரைரீனை 2018 இல் மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை ஏற்படுத்தும் என்ற 2ஏ வகையில் சேர்த்தது. துணி மாஸ்க்கும் கொரோனாக் கால மாஸ்க்கும் துணிக்கையைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. சேதன ஆவிக்கான கரிக் குப்பி பூட்டிய மாஸ்க் வேண்டும், குப்பியை நாள் பார்த்து மாற்ற வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் வாகனப் பெயின்றில் ஐசோசயனேற்று இருக்கும். அதற்கு வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியே பாதுகாப்பு.

"இது இருக்கெண்டு காட்டினா சுற்றாடல் உரிமம் தருவாங்களோ?"

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வரும் தொழில் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்கத்தான் வேண்டும். தொழிலின் வகையைப் பொறுத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையோ உள்ளூராட்சிச் சபையோ வழங்கும். அவர்கள் பார்ப்பது வெளிவிடும் காற்றையும் அயலின் முறைப்பாட்டையும். தொட்டி இருக்கிறது என்பது மட்டும் போதாது. விசிறியின் அளவு, படுக்கையின் அளவு, ஈரம் பார்த்த நாட்கள், படுக்கை புளித்ததா என்று காட்டும் அமிலத்தாளின் நிறம் இவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பரிசோதகர் வரும்போது பேச்சைவிடக் கொப்பி உதவும்.

"பழைய தும்பை வயலுக்கு எறியலாமோ? பசளைதானே?"

இரண்டு முதல் ஐந்து வருடத்தில் படுக்கை உக்கி நசுங்கும். விசிறிக்குப் பின்னால் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை வளைத்துப் பூட்டி வைத்தால் அமுக்கம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் அளவின் இரண்டு மடங்கைத் தாண்டினால் மாற்ற நினைக்கலாம். கிளறும்போது பங்கசு வித்திகள் பறக்கும், அப்போது துணிக்கை தடுக்கும் மாஸ்க் போடுங்கள்.

வயலுக்கா என்றால், ஆவி மட்டும் வந்த படுக்கையைச் சில மாதம் கூரையின் கீழ் குவித்துப் புரட்டி, மணம் அடங்கிய பிறகு பூமரத்துக்குப் போடலாம். பெயின்ற் தெளிப்பின் தூசி படுக்கைக்குள் வந்திருந்தால் வேண்டாம். நிறப்பொடியில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம், நுண்ணங்கிகளால் அவற்றை அழிக்க முடியாது, நெல்லுக்குப் போய்ச் சேரும். அதனால் தெளிப்பு அறையிலிருந்து வரும் காற்றைப் படுக்கைக்கு முன்னால் ஒரு தூசி வடியூடாக எடுங்கள். அந்த வடியைத் தனியே கட்டி, ஆபத்தான கழிவாக ஒப்படையுங்கள்.